மாமன் வீட்டுக்கு நான் போட்ட மதிப்பெண்

ஒரு வீட்டுக்குள் போய் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அந்த வீட்டில் ஒரு குழந்தை நன்றாக வளர்கிறதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் இதுதான் என் வேலை. பெற்றோரை இழந்து சொந்தக்காரர்கள் வீட்டில் வளரும் பிள்ளைகளைப் பார்த்து அறிக்கை தர ஆள் தேவை என்று புதுக்கோட்டைக் குழந்தைகள் நல அலுவலகத்தில் கேட்டார்கள். சம்பளம் கிடையாது. நான் உடனே ஒப்புக்கொண்டேன். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். எதையாவது அளக்கச் சொன்னால் மறுக்கத் தெரியாது.

அச்சடித்த படிவத்தில் ஐந்து தலைப்புகள் இருந்தன. இருப்பிடம், உணவு, படிப்பு, வளர்ப்பவர்களின் அன்பு, குழந்தையின் விருப்பம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். முதல் மூன்றைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, சோற்றுப் பானை எவ்வளவு பெரிது, புத்தகத்துக்கு அட்டை போட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். நான்காவதுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. அன்புக்கு மூன்றா, நான்கா? மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

இதற்காக நானே சில சோதனைகளைக் கண்டுபிடித்தேன். பல் துலக்கும் பிரஷ்கள் எல்லாம் ஒரே டப்பாவில் நிற்கின்றனவா என்று பார்ப்பேன். பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டால் யார் பதில் சொல்கிறார்கள் என்று கவனிப்பேன். எல்லாவற்றையும்விட எனக்குப் பெருமையாக இருந்தது பிஸ்கட் சோதனை. கிரீம் பிஸ்கட் பாக்கெட் ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, அது என்ன ஆகிறது என்று பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் படிவத்தை எழுதியவர்களுக்கு இது தோன்றவில்லையே என்று எனக்குள் சிரித்துக்கொண்டதும் உண்டு. பிற்பாடு புதிதாக வந்த தன்னார்வலர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

நான் தவறாக அளந்த ஒரு பிள்ளையைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அப்போது அவளுக்குப் பத்து வயது. தகப்பன் அவளுக்கு நினைவு தெரியும் முன்பே இறந்துவிட்டார். தாய் நோயில் படுத்து ஒரே மாதத்தில் இறந்துபோனாள். காரியம் முடிந்த அன்றே தாயின் அண்ணன் அவளை வல்லத்திராக்கோட்டைப் பக்கம் இருந்த தன் ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். யாரையும் கேட்கவில்லை, எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. ஓராண்டு கழித்து, டவுனில் அரசு வேலையில் இருந்த தகப்பனின் அண்ணன் ஒரு மனுக் கொடுத்தார். தம்பி பிள்ளையைத் தானே வளர்த்துப் படிக்க வைப்பதாக எழுதியிருந்தார். மாமன் வீடா, பெரியப்பா வீடா? இரண்டையும் பார்த்துவிட்டு எழுதித் தரும்படி என்னிடம் சொன்னார்கள். நான் எழுதுவதை வைத்துத்தான் முடிவு என்பதும் எனக்குத் தெரியும்.

முதலில் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். முன்கூட்டியே போன் செய்து சொல்லியிருந்தேன். சொல்லாமல் ஒரு வீட்டுக்குப் போவது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. காலாண்டு விடுமுறை என்பதால் அவளும் அங்கே வந்திருந்தாள். மாடி வீடு, அவளுக்கென்று தனி அறை, மேசை, மேசை விளக்கு. சுவரில் தாயின் படத்துக்குச் சந்தன மாலை போட்டிருந்தார்கள்.

"பாப்பா, சாருக்கு வணக்கம் சொல்லுங்க" என்றார் பெரியம்மா. பத்து வயதுப் பிள்ளையிடம் வாங்க, போங்க என்று பேசுகிறார்களே என்று நான் வியந்துபோனேன்.

பிஸ்கட்டைக் கொடுத்தேன். அவள் வாங்கிப் பெரியம்மாவிடம் நீட்டினாள். பெரியம்மா அதை ஷோகேஸில் வைத்துவிட்டு, பிளஸ் டூ படிக்கும் தன் மகளைப் பார்த்துச் சொன்னார். "இது பாப்பாவுக்குச் சார் குடுத்தது. நீ தொட்றாத."

"சாப்பாடெல்லாம் எப்படி?" என்று அவளிடம் கேட்டேன்.

"எனக்குத்தான் சார் மொதல்ல போடுவாங்க" என்றாள்.

வாசல்வரை வந்து வழியனுப்பும்போது பெரியப்பா சொன்னார்: "தம்பி பிள்ளை சார். நாளைக்கு நம்மள ஒருத்தன் ஒரு சொல்லு சொல்லிறக் கூடாது பாருங்க." நல்ல மனிதர் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அன்பு என்ற தலைப்பில் ஐந்துக்கு ஐந்து போட்டேன். அதுவரை எந்த வீட்டுக்கும் நான் ஐந்து போட்டதில்லை.

பள்ளி திறந்த பிறகு மாமன் வீட்டுக்குப் போனேன். அங்கே போன் அடித்தால் எடுக்க ஆள் இல்லை; மாமன் எந்நேரமும் தோட்டத்தில் இருப்பவர். நான் போனபோது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மல்லிகைத் தோட்டத்தில் குடும்பமே நின்றிருந்தது. மாமனின் மூன்று பிள்ளைகளோடு அவளும் இடுப்பில் துணி கட்டிப் பூப்பறித்துக்கொண்டிருந்தாள். முதல் வேலையாக அதைக் குறித்துக்கொண்டேன்: "பள்ளிக்கு முன் வேலை வாங்கப்படுகிறது." மற்ற மூன்று பிள்ளைகளும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அதை நான் எழுதவில்லை.

என்னைக் கண்டதும் அத்தை, மாமனின் மனைவி, குரல் கொடுத்தார்.

"வாங்க சார், இங்கிட்டு நெழல்ல வாங்க. ஏ எருமை! ஒரு சேர எடுத்தாந்து போட மாட்டியா? மனுசன் நிக்கிறாரு, வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறா பாரு. அப்படியே ஒங்காத்தாதான்டி நீ. அவளும் இப்படித்தான், வேலைன்னா வேடிக்க பாப்பா. செத்தப்பக்கூட வாயத் தொறந்துக்கிட்டுத்தான கெடந்தா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிறுமி சிரித்துக்கொண்டே நாற்காலி எடுக்க ஓடினாள். பயத்தில் சிரிக்கிறாள் என்று நான் முடிவு செய்தேன். "இறந்த தாயைக் குழந்தையின் எதிரிலேயே இழிவாகப் பேசுகிறார்" என்று எழுதி, கீழே கோடும் போட்டேன்.

பிஸ்கட் பாக்கெட் அவள் கைக்குப் போன மறுகணமே நான்கு பேரும் அதன் மேல் விழுந்தார்கள். மாமனின் சின்னப் பையன் அவளுடையதைப் பிடுங்க, அவள் அவன் கையைக் கடித்துவிட்டாள்.

"அடிச்சுக்கிறாதீங்க நாய்களா! ஆளுக்கு ரெண்டு" என்று அத்தை தோட்டத்திலிருந்தே கத்தினார். "ஏண்டி, அவன் கையக் கடிக்கிறதுக்கு பிஸ்கட்டக் கடிச்சா என்ன?"

அன்பு என்ற தலைப்பில் இரண்டு மதிப்பெண். அந்த இரண்டும், அவர்கள் எனக்குக் கொடுத்த மோருக்காக என் மனது இரங்கிப் போட்டதுதான்.

கடைசியாக ஐந்தாவது தலைப்பு. குழந்தையிடம் தனியாகக் கேட்க வேண்டும் என்பது விதி. மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் அவளை அழைத்துப் போனேன். உதட்டில் கிரீம் ஒட்டியிருந்தது.

"பெரியப்பா வீட்டுக்குப் போறியாம்மா? டவுன்ல பெரிய ஸ்கூலு."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "எத்தன நாளைக்கு சார்?"

பத்து நாள் விடுமுறைக்கு அங்கே போய் வந்த பிள்ளை. இன்னொரு விடுமுறை என்று எண்ணியிருக்கிறாள். இன்று யோசித்தால் அவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது. அன்று நான், "போய்த்தான் பாரேன்" என்றேன்.

"சரி சார்" என்றாள்.

"பெரியப்பாவுடன் வாழவே விரும்புவதாகக் குழந்தை தானாக முன்வந்து தெரிவித்தாள்." அந்த வாக்கியத்தை அவள் சொல்லவில்லை. நான் எழுதினேன். அளவியைப் பார்க்காமல் முன்கூட்டியே விடையை எழுதி வைக்கும் மாணவர்களை ஆய்வுக்கூடத்தில் எத்தனை முறை கண்டித்திருக்கிறேன்!

அவளை ஒப்படைத்த நாளில் அலுவலகத்தில் நானும் இருந்தேன். மாமன் மட்டும் ஒரு துணிப்பையோடு வந்திருந்தார். அத்தை வரவில்லை. அங்கிருந்த அலுவலர் என் அறிக்கையைப் பார்த்து, "பிள்ளையே கேட்டுக்கிச்சுங்க, நாங்களா அனுப்பல" என்றார்.

மாமன் என் பக்கம் திரும்பினார். "அப்படியா சார் சொன்னுச்சு? அதுவாவா சொன்னுச்சு?"

தலையாட்டினேன். இத்தனை ஆண்டுகளில் என் மனதில் அதிகமாக வந்து போவது அந்தத் தலையாட்டல்தான். எழுதும்போது நான் ஏமாந்திருக்கலாம். தலையாட்டும்போது, இல்லை, இது உண்மையில்லை என்று எனக்குத் தெரிந்தது. திருத்தியிருந்தால் படிவத்தை மறுபடி நிரப்ப வேண்டும், மறுபடி போக வேண்டும், நான் அவசரப்பட்டேன் என்று நாலு பேருக்குத் தெரியும். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஒரு காரணத்தை எத்தனையோ முறை தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்துத் தொடர் ஆய்வுக்காகப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். எப்போதும் போல முன்பே சொல்லிவிட்டுத்தான். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று பெரியம்மா பிடிவாதம் பிடித்தார். கூடத்தில் இரண்டு இலை போட்டார்கள். ஒன்று எனக்கு. இன்னொன்று வீட்டுக்காரருக்கு என்று நினைத்தேன். அதில் அவள் வந்து உட்கார்ந்தாள்.

பெரியப்பா நின்றுகொண்டு, "சாருக்கு இன்னும் கொஞ்சம் கூட்டு வை, பாப்பாவுக்கு அப்பளம் வை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரியம்மா பரிமாறினார். மகள் தண்ணீர் ஊற்றினாள். அவர்கள் மூவரும் பிறகு உள்ளே சேர்ந்து சாப்பிடுவார்கள் போலிருந்தது.

"தெனமும் இப்படித்தானா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஆமா சார். எனக்கு மொதல்ல போட்டுருவாங்க. நான் சாப்ட்டு ரூமுக்குப் போயிருவேன். அப்பறம் அவங்க சாப்புடுவாங்க." சொல்லிவிட்டு என் இலையையும் தன் இலையையும் பார்த்தாள். "இன்னிக்கு நீங்களும் இருக்கீங்க."

அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் விருந்தாளிகள். எனக்கு அது ஒரு நாள். அவளுக்கு அது மூன்றாவது ஆண்டு. உண்மையைச் சொல்வதென்றால், அப்போது எனக்கு முதலில் வந்தது வருத்தம் அல்ல, வியப்பு. குறையே இல்லாத ஒரு வீட்டில் ஒரு பிள்ளை வெளியாளாக இருக்க முடியும் என்பது எனக்கு ஒரு புதிய கண்டுபிடிப்பாக இருந்தது. வாங்க போங்க என்ற பேச்சு, பிஸ்கட், முதலில் போடும் சோறு என்று நான் பார்த்த ஒவ்வொன்றையும் தலைகீழாகப் படித்திருக்கிறேன் என்று தோன்றியது.

சாப்பிட்ட பிறகு அவளுடைய அறையில் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். படிப்பு நன்றாக இருந்தது. யாரும் திட்டுவதில்லை.

"அம்மா ஞாபகம் வருதா?"

"இங்க அம்மாவப் பத்தி யாரும் பேச மாட்டாங்க சார், நான் அழுவேன்னு. அத்தைதான் அம்மாவ வஞ்சுக்கிட்டே இருப்பாங்க. வஞ்சா, அம்மா அடுப்படியில நிக்கிற மாதிரியே இருக்கும்."

நாத்தனாரும் அண்ணியும் ஒருவரை ஒருவர் எப்படி வாய்க்கு வாய் வாரிக்கொள்வார்கள் என்பது இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாததா? என் அம்மாவும் அத்தையும் பேசிக்கொண்டதை எழுதினால் அச்சில் ஏற்ற முடியாது. பேனாவும் படிவமும் கையில் இருந்தபோது அது எனக்கு மறந்துபோய்விட்டது. செத்துப்போன நாத்தனாரை அந்த அம்மாள் விடாமல் வைது தன் வீட்டிலேயே வைத்திருந்தார்.

"அத்தைக்கு என் மேல கோவம் சார்" என்றாள் அவள். "மாமா மட்டும்தான் வருவாங்க. அத்தை ஒரு தடவகூட வரல. போன்லயும் பேச மாட்டேங்கிறாங்க. நான் என்ன சார் பண்ணேன்?"

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் அதைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "வேலையா இருப்பாங்கம்மா" என்றேன். வீட்டுக்கு வந்து படிவத்தில் பழைய மதிப்பெண்களையே போட்டேன். அதற்குள் என் முதல் அறிக்கையை நல்ல அறிக்கைக்கு மாதிரி என்று படியெடுத்துப் புதியவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த மாதிரியே தப்பு என்று போய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது எனக்கு எழுபத்திரண்டு. அவளுக்குப் பத்தொன்பது, திருச்சியில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். சென்ற மாதம் புதிய தன்னார்வலர்களுக்கு ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று அழைப்பு வந்தது. உறவினர் வீட்டை மதிப்பிடுவது எப்படி என்பதுதான் தலைப்பு. தயார் செய்வதற்காகப் பழைய பிரதிகளை எடுத்தேன். அவள் சொல்லாத அந்த வாக்கியம் என் கையெழுத்தில், அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. இரண்டு முறை படித்தேன். பேச வர இயலாது என்று போனில் சொல்லிவிட்டு, மறுநாள் காலை வல்லத்திராக்கோட்டைப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். யாருக்கும் போன் செய்யவில்லை.

அத்தை வீட்டு முன்னால் பூக்கட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த மூத்த மகள் கைக்குழந்தையோடு இருந்தாள். அத்தைக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்ன பிறகு தெரிந்தது.

"பிஸ்கட் சாரா? வாங்க. எங்க பிள்ளை எப்படி இருக்கு? பாத்தீங்களா?"

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லாமல் போய்விடுவேன் என்று தோன்றியது. அவள் போகிறேன் என்று சொல்லவில்லை. எத்தனை நாளைக்கு என்று மட்டும்தான் கேட்டாள். மற்றதை நான் எழுதினேன். உங்கள் வீட்டுக்காரர் கேட்டபோதும் பொய்யாகத் தலையாட்டினேன். பாடம் ஒப்பிப்பது போல வரிசையாகச் சொன்னேன்.

அவர் நாரைக் கீழே வைத்தார்.

"நான் வஞ்சேன்னுதான் போயிருச்சுன்னு நெனச்சேன் சார்" என்றார். "என் வாய்தான் பிள்ளைய வெரட்டிருச்சுன்னு வீட்டுக்காரரு சொன்னாரு. போய்ப் பாக்குறப்பகூட ஏன் போனேன்னு அவரு பிள்ளைகிட்டக் கேட்டதில்ல, மனசு நோகும்னு. அன்னையிலேருந்து நான் பெத்த பிள்ளைகளக்கூட ஒரு வார்த்தை வஞ்சதில்ல. இவளக் கேளுங்க."

"ஆமா சார்" என்றாள் மகள். "எங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும். அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையோன்னு நெனப்போம்."

"ரெண்டு தடவ டவுனுக்கு பஸ் ஏறிட்டு, பஸ் ஸ்டாண்டுலேருந்து திரும்பிருக்கேன். வேணாம்னு போன பிள்ளை முன்னாடி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது?" என்று சொன்னவர் திடீரென்று நிமிர்ந்தார். "இத எழுதிக் குடுங்க."

"எழுதியா?"

"அன்னிக்கு எழுதித்தான குடுத்தீங்க? வாயால சொன்னா யாரு நம்புவா? எழுதுங்க."

பேரப் பிள்ளைக்குத் தடுப்பூசி குறித்து வைத்திருந்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள் மகள். திண்டாடித் திண்டாடி நான்கு வரி எழுதினேன். அத்தை வாங்கி உதடசைத்துப் படித்தார்.

"எத்தன நாளைக்குன்னு கேட்டுச்சுன்னீங்கல்ல, அதக் காணோமே. அதையும் போடுங்க."

போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன். மகள் அதைப் போனில் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினாள். மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தபடி இருந்தோம். வகுப்பில் இருப்பாள் என்றேன். படத்துக்குக் கீழே இருந்த இரண்டு டிக்குகளும் நீலமாயின; பார்த்துவிட்டாள். பிறகு போன் அடித்தது.

அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டு பூச்செடிகளுக்குள் போய்விட்டார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசையாக இருந்தது. ஒரு காலத்தில் நானும் எழுந்து பின்னால் போயிருப்பேன். அன்று உட்கார்ந்தே இருந்தேன்.

"அவங்க இப்ப வர மாட்டாங்க சார்" என்றாள் மகள். "நீங்க பஸ்ஸ விட்டுராதீங்க."

அந்தத் தாளின் இன்னொரு பிரதியைக் கோப்பில் சேர்க்கும்படி அலுவலகத்துக்கும் அனுப்பினேன். பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்ததால் கோப்பை மூடிவிட்டதாகவும், இருந்தாலும் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். அவள் என்னிடம் பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. விடுதிக்குப் பத்து நாள் விடுமுறை விட்டபோது நேரே மாமன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அது எனக்குத் தெரிந்ததே பெரியப்பா போன் செய்ததால்தான்.

"சார், நீங்க ஏதோ எழுதிக் குடுத்தீங்களாமே. பாப்பா இந்தத் தடவ அங்கிட்டுப் போறேன்னுருச்சு." அவர் குரலில் கோபம் இல்லை. "நாங்க என்ன சார் கொறை வச்சோம்? நீங்களே பாத்தீங்கள்ல. சொல்லுங்க, என்ன கொறை வச்சோம்?"

"ஒரு கொறையும் வைக்கலைங்க" என்றேன்.

"அப்பறம் ஏன் சார்?"

பின்னால் பெரியம்மா அழுவது கேட்டது. ஒன்பது ஆண்டுகள் அந்தப் பிள்ளையைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர்கள். அவர்களுக்கு ஐந்துக்கு ஐந்து போட்டு, இப்படியே இருங்கள் என்று சொன்னவன் நான். இரண்டாவது முறை போனபோது, கூடவே உட்காரவைத்துச் சாப்பிடுங்கள், வேலை வாங்குங்கள், கோபம் வந்தால் திட்டுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் கேட்டிருப்பார்கள். எனக்கு அது தெரிந்தும் சொல்லவில்லை. மாமன் வீட்டுக்கு மட்டும்தான் தீங்கு செய்தேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேரில் வந்து சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை போக வேண்டும்.